கண்ணகி அண்ணி பிடுங்கிய சவுக்கு

கோவளத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி என் அண்ணன் துரைக்கு ஒரு சவுக்குத் தோப்பு உண்டு. அடுத்த தோப்பு சைதூன் என்ற அம்மாளுடையது. நடுவில் கள்ளிவேலி. அந்த வேலியைத் தாண்டி என் அண்ணி கண்ணகியின் கண் போகாத நாளே கிடையாது. சைதூன் வீட்டு எருமை ஈன்றால் அன்றைக்கு அண்ணிக்குச் சோறு இறங்காது.

ஆனால் 1976இல் வந்த எரிச்சல்தான் பெரிது. தை, மாசியில் கடலாமைகள் சைதூன் மணலில் ஏறி முட்டையிடும். நாயும் நரியும் தோண்டாமல் அவர் முள் போட்டு மூடுவார். முட்டை எடுக்க வருகிறவர்களை விரட்டுவார். அருகிவரும் ஆமை என்று மதராஸிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் அவரைப் படம் பிடித்தார்கள். அது பத்திரிகையிலும் வந்துவிட்டது.

அண்ணி அதை என் முன்னால் போட்டார்.

"பி.எஸ்ஸி. படிச்சிக்கீறியே தம்பி, சொல்லு. அவ மணல்ல இன்னா தேனா தடவி வச்சிக்கீறா? நம்ம பக்கம் ஒண்ணுகூட வர்லியே!"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியல். ஜீப்காரர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனதில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான்.

"நம்ம சவுக்கு அலை வரைக்கும் எறங்கிக்கீது அண்ணி. கீழ பூரா வேரு. ஆமை எங்க குழி தோண்டும்?"

மறுநாள் அண்ணன் சந்தையிலிருந்து திரும்புவதற்குள், அண்ணி ஆள் வைத்துக் கடலோரத்து இளஞ்சவுக்கையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார்.

"இன்னாடி, பைத்தியமா?"

"அவ மணல சும்மா வுட்டா போட்டோ புடிப்பாங்க, நான் வுட்டா பைத்தியமா?"

வேலிக்கு அப்பால் சைதூன் சிரித்தார். "இன்னா கண்ணகி, ஆமைக்குப் பாய் விரிக்கிறியா?"

மாசி முழுக்க ஒன்றும் வரவில்லை. சைதூன் மணலில் மட்டும் புதிது புதிதாக முள் ஏறியது. "பங்குனியில மறுபடி கன்னு நடப் போறேன்" என்றார் அண்ணன். அண்ணி தினமும் விடிந்ததும் மணலைப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார்.

பங்குனி பிறந்து, கன்றுகளும் வந்து இறங்கிய அன்று காலை சைதூனின் சத்தம் கேட்டு ஓடினோம். ஆமை அவர் கரையில்தான் ஏறியிருந்தது. துடுப்புக் கால்கள் வாரிய தடம் கொஞ்ச தூரம் நேராகப் போய், திரும்பி, வேலி முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் மணலில் வந்து நின்றது. அங்கே, குழியை மூடிய மேடு.

"எங்க கரையில ஏறின ஆமை!" என்றார் சைதூன்.

"வந்த வழி உன்னுதா இருக்கட்டும். பெத்தது எங்க வூட்ல!"

அண்ணி முள் வெட்ட ஓடினார். அண்ணன் கன்றுகளைத் திருப்பி வண்டியில் ஏற்றினார்.

மாலையில் வேலிக்கு அப்பால் கோடரிச் சத்தம் கேட்டது. சைதூன் தன் தோப்பில் கடலோர வரிசையை வெட்டிக்கொண்டிருந்தார்.