நிரந்தரப் பயிற்சியாளரே, வருக!

மாமல்லபுரம் போகும் வழியில், படூரில் ஒரு கல்லூரிக்கு எதிரே டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறேன். வாசலில் கல்லூரிக் கால்பந்து அணியின் ரசிகர்கள் புதிய கோச்சுக்கு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் நாளைக்குத்தான் வருகிறாராம். ‘எங்கள் நிரந்தரப் பயிற்சியாளரே, வருக!’ என்று எழுதியிருக்கிறது. கோச்சுக்குக் கருப்புக் கண்ணாடி, பின்னால் ஒரு சிங்கம். பந்து மட்டும் எங்கேயும் இல்லை.

கயிற்றை இழுக்கும் தொப்பைக்காரரிடம் பழைய கோச்சைப் பற்றி விசாரிக்கிறேன்.

“அந்தாளா? டீமையே நாஸ்தி பண்ணிட்டாரு அண்ணாத்த. வந்தப்பவே எனக்குத் தெரியும், தேறாதுன்னு.”

“புதியவர் தேறுவாரா?”

“மூஞ்சிய பாரு, இன்னா வெறி கீது!”

பார்க்கிறேன். கண்ணாடிதான் தெரிகிறது. இந்தத் தொப்பைக்காரர் கடைசியாக ஓடியது பஸ்ஸைப் பிடிக்கத்தான் இருக்கும். பேச்சு மட்டும் உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் மாதிரி.

சடாரென்று மழை பிடிக்கிறது. எல்லோரும் டீக்கடைக்குள் ஓடுகிறோம். அண்ணாந்தால், கூரையே ஒரு ஃப்ளெக்ஸ். அதே கருப்புக் கண்ணாடி, அதே சிங்கம், அதே ‘நிரந்தரப் பயிற்சியாளரே’. முகம்தான் வேறு; அடுப்புப் புகையில் கன்னமெல்லாம் கருத்துக் கிடக்கிறது. அவர் காதோரக் கிழிசல் வழியாக மழை என் டீயில் சொட்டுகிறது.

கடைக்கார அக்கா பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டே தொப்பைக்காரரை முறைக்கிறார். “புது ஆளுக்காவது கொஞ்சம் பெர்சா அடிச்சிருக்கக் கூடாதா? பின்னாடி பூரா ஒயுவுது.”

“கோச்சிக்காதக்கா,” என்கிறார் அவர். “அடுத்த கோச்சுக்குப் பெர்சா அடிச்சிடலாம்.”