மூன்று கைக்கு எழுதியவர்

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனங்கள் அமரும் கதிரைகளை அடுக்கும் வேலையில் இருந்தேன். பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசித்த மெலிந்த மனிதர், டிரம்ஸுக்கான தாளக்குறிகளையும் கொம்பியூட்டரில் எழுதுவார். டிரம்ஸ் குச்சியை அவர் தொட்டதே இல்லை. எழுதும்போது கழுத்து மட்டும் ஆடும்.

தேவாலயத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் டிரம்ஸ்காரர், அவர் எழுதிக்கொடுத்த தாளைத் திருப்பி நீட்டினார்.

“ஒரே நேரத்தில மூண்டு இடத்தில அடிக்க எனக்கென்ன மூண்டு கையா, சேர்? நான் வரமாட்டன்.”

“கொம்பியூட்டர் வடிவா அடிக்குதே?”

“அப்ப அதையே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

ஓர்கன்காரர் கோபிக்கவில்லை. என்னிடம் இரண்டு பென்சிலைத் தந்து, மூன்று கதிரைகளை முன்னால் வைத்து, தாளத்தை மெதுவாகத் தட்டச் சொன்னார். என் கை போதாத இடத்திலெல்லாம் ஒரு குறியை அழித்தார்.

திருவிழாவுக்கு டிரம்ஸ்காரர் வந்தார்; திருத்திய அந்தத் தாளைப் பார்த்தே அடித்தார். ஓர்கன் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. திரும்பிப் பார்த்தேன். விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தபடி, கண்ணை மூடி, அவர் டிரம்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்.