மேல்மாடியில் கொதித்த சீலாக் குழம்பு

புதுத் துறைமுகம் வந்த பிறகு, பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் பாழடைந்து கிடந்த, பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளை ஒவ்வொன்றாக இடித்தார்கள். ஒன்று இருந்த இடத்தில், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் மாடிக் கட்டடம் எழுப்பினார். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். கடைக்கு மேலே யார் குடியிருப்பார்கள் என்று ஊர் சிரித்தது. நானும் என் வீட்டுக்காரரும்தான் முதலில் குடிபோனோம். அவர் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். ஜன்னலைத் திறந்தால் தோணி வருவது தெரியும். எனக்கு அது போதும்.

கீழே கடைகள் பூட்டியே கிடந்தன. ஒன்றை எனக்குத் தாருங்கள், சாப்பாட்டுக் கடை போடுகிறேன் என்று வியாபாரியிடம் கேட்டேன். நான் மீன்பிடி ஊரான பெரியதாழையில் பிறந்தவள். என் கைக்குழம்பில் எனக்கு நம்பிக்கை உண்டு. அவர் மறுத்துவிட்டார். மீன் வாடை மாடி ஏறினால் கப்பல் கம்பெனிக்காரர்கள் ஆபீஸ் எடுக்கமாட்டார்கள் என்றார்.

"கடலப் பாத்து கட்டடத்தக் கட்டிட்டு, மீன் மணக்கப்படாதுன்னா எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

சிரித்தார். சாவியைத் தரவில்லை.

கப்பல் கம்பெனி ஆட்கள் நடுமாடியைப் பார்க்க வரப்போவதாக வாட்ச்மேன் மூலம் தெரிந்தது. அன்று விடிந்ததும் போய் நல்ல சீலா மீனாகப் பார்த்து வாங்கிவந்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அவர்கள் படியேறும் நேரத்துக்குக் குழம்பு கொதிக்கும்படி அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

நடுமாடியில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரத்தில் வியாபாரி மட்டும் மேலே வந்தார். முகமெல்லாம் வேர்வை. ஏசத்தான் வருகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஏம்மா, சோறு இருக்கா? வந்தவங்க சாப்பிடணும்ங்காவ" என்றார்.

பெரிய பானை நிறைய வடித்து வைத்திருந்தேன். டை கட்டிய மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கடற்காற்றில் இலை பறக்காமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அவர்களில் மூத்தவர், இங்கே ஆபீஸ் எடுத்தால் தினமும் மத்தியானம் இந்தச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார். வியாபாரி என்னைப் பார்த்தார்.

"கீழ கடையத் திறந்தா கிடைக்கும்" என்றேன்.

சாயங்காலமே சாவி என் கைக்கு வந்தது. நடுமாடி முழுக்க ஆபீஸ்கள் வந்தன. மேலே குடித்தனங்கள் வந்தன.

கடை திறந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் கரை திரும்பினார். மத்தியானக் கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமில்லை. கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு இலை போட்டேன். அவர் நின்றபடியே, பக்கத்தில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இது எம்பொஞ்சாதி கடை."