நாலாவது போல்ட்டு

அன்று காலை காரம் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரக் காரணம் ஒரு பாட்டு. அதுவும் அவளே கட்டிய பாட்டு.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெரிய உருளை எந்திரத்தின் முன்னால், இரண்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி நின்றாள். இரண்டு பிள்ளைக்காரி. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உருளைக்குள் விட்டபடியே தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.

"உருளை கடிச்சது உன் கையை, சின்னவளே
உருளைக்கு வாய் தொறந்தது யார், சின்னவளே
விதி வந்து தொறந்த வாய் இது, சின்னவளே
வேண்டி அழுது என்ன பலன், சின்னவளே"

காரம் கையிலிருந்த ஈரத்துணிக் குவியலை அப்படியே தரையில் போட்டாள்.

"என்னது? விதியா? எவ சொன்னா விதின்னு?"

"பாட்டுல அப்படித்தானே அக்கா இருக்கு? பஸ்ல கண்டக்டர் பாடறாரே. எல்லார் போன்லயும் இருக்கு."

"அது என் பாட்டுடீ!"

"அவரும் உங்க பேரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்," என்றாள் அவள் வெள்ளந்தியாக. அதற்குள் அவள் விரல் உருளைக்கு நான்கு விரற்கடை தூரத்தில் போய் நின்றது. காரம் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அந்த உருளைதான் முன்பு காரத்தின் தங்கை கையைக் கடித்தது. அதன் வாய் இன்னமும் திறந்தே கிடந்தது.

காரம் என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அழுக்கெடுக்கத் தொட்டியில் காரத்தை அளந்து போடுவது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. அதனால் வந்த பெயரா, அவள் வாயால் வந்த பெயரா என்று யாராவது கேட்டால், "பக்கத்துல வந்து கேளு, சொல்றேன்" என்பாள். யாரும் பக்கத்தில் போனதில்லை. கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். அவளிடம் குணமும் உண்டு. ஆனால் அது வரிசையில் இரண்டாவதாகத்தான் வரும்.

எந்திரச் சத்தத்துக்கு ஏற்றபடி பாட்டுக் கட்டுவது அவள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தையல்காரர் கடை மாடியில் அவளைப் போலவே பாட்டுக் கட்டுகிற ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். தபால்காரர் வருவார், கண்டக்டர் வருவான். ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவார். காரத்தின் 'சின்னவளே' மெட்டே தபால்காரர் கடிதப்பையைப் பற்றிக் கட்டிய பாட்டிலிருந்து எடுத்ததுதான். அதை அவர் தையல்காரர் மனைவியிடமிருந்து எடுத்தார். யார் பாட்டு யாருடையது என்று பிரிக்கப் போனால், சாயம் போகிற துணிகளை ஒரே தொட்டியில் ஊறவைத்த கதைதான். அதனால் அவர்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். இன்னார் பாட்டு என்று சொல்லிவிட்டுப் பாட வேண்டும். இருக்கிற அடியை மாற்றக் கூடாது. இல்லாத அடியைச் சேர்க்கலாம். இந்த முறையை மீறியவர்களை அந்த மாடியில் அதிகம் திட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

'சின்னவளே' பாட்டு அவள் தங்கையைப் பற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த உருளையில்தான் தங்கை வேலை செய்தாள். உருளைகளின் வாயை மறைத்து ஓர் இரும்பு மூடி இருக்கும், கை உள்ளே போகாமலிருக்க. மூடி இருந்தால் கனமான விரிப்புகள் சிக்கிச் சிக்கி வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் ஒரு நாள் ஸ்பேனரோடு வந்து நின்றார். அவர் குனிந்து மூன்று போல்ட்டைக் கழற்றியதைக் காரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தாள். பிறகு தொட்டி பொங்கிற்று, திரும்பிவிட்டாள். ஐந்தாம் நாள் தங்கையின் வலது கை மணிக்கட்டு வரை போயிற்று. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று காகிதத்தில் எழுதிக் கோப்பை மூடினார்கள். கோப்பை மூடியவர்களுக்கு உருளையை மூடத் தோன்றவில்லை.

காரம் பாட்டுக் கட்டினாள். கடைசியில் "வாய் தொறந்தது யார்" என்று கேட்டு, அதற்குப் பதிலையும் வைத்திருந்தாள். ஆனால் அதை முதன்முதலாகப் பாடிய இடம், பழைய ஆபரேட்டர் ஒருவரின் பிரிவு உபசாரக் கூட்டம். சூப்பர்வைசர் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கைக்கு ஸ்டோர் அறையில் துணிக்குச் சீட்டுக் கட்டும் வேலை கொடுத்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. கேள்வி வரைக்கும் கணீரென்று பாடிய காரம், பதில் வந்த இடத்தில் "ம்ம்... ம்ம்..." என்று முனகி, அதை மென்று விழுங்கிவிட்டாள்.

விழுங்கியது அத்தோடு போகவில்லை. யாரோ போனில் பதிவு செய்தார்கள், அது ஊரெல்லாம் சுற்றியது. தபால்காரர் பாடினார், "ம்ம்" என்றார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி "ம்ம்" என்றார்கள். வானொலியில் ஒரு மேதாவி, அந்த முனகல் மொழிக்கு எட்டாத துயரம் என்று கால் மணி நேரம் விளக்கினார். காரம் வானொலியை அணைத்த வேகத்தில் குமிழ் கையோடு வந்துவிட்டது. மொழிக்கு எட்டாத துயரமாம்! பயத்தில் வாயை மூடிக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய மாலையா? ஒவ்வொரு "ம்ம்"முக்கும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. தங்கையோ அந்தக் கூட்டத்துக்குப் பிறகு விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பாடுகிற இடத்துக்கும் வரவில்லை. கோழை என்று நினைத்துவிட்டாள், நினைக்கட்டும், உண்மைதானே என்று காரமும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

இப்போது அந்த இடத்தில் கண்டக்டர் விதியைக் கொண்டுவந்து குடிவைத்திருக்கிறான். வேலை முடிந்ததும் ஈரப் புடவையோடு நேரே பஸ் டிப்போவுக்குப் போனாள். கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விதி எந்தக் கடையிலடா ஸ்பேனர் வாங்கிச்சு?"

"வாங்கக்கா... என்னக்கா?"

"விதி குனிஞ்சு போல்ட்டு கழட்டினதை நீ பாத்தியா? டிக்கெட் குடுத்தியா அதுக்கு, சலவைக்கூடம் ஸ்டாப்புல இறங்கறதுக்கு?"

சுற்றி இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். காரம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை.

"போல்ட்டா? என்ன போல்ட்டுக்கா? எனக்கு எப்படித் தெரியும்? யாருன்னு கேட்டீங்க, ம்ம்-னு விட்டுட்டீங்க. கேள்வியைக் கேட்டுட்டுப் பதில் இல்லாம எத்தனை நாள் பாடறது? எனக்குத் தாங்கல. இடம் காலியா கிடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சதை வச்சேன்."

"எடுத்துடு அதை."

"இருக்கிற அடியை நான் மாத்தினேனா? இல்லாததைத்தானே சேர்த்தேன்? அந்த இடத்துக்கு ஏற்கெனவே அடி இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

அவள் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி அந்த இரண்டு அடியையும் சொன்னாள். அவன் டப்பாவை மூடிவைத்தான்.

"இதையாக்கா முழுங்கினீங்க?"

"அவளுக்குக் கிடைச்ச வேலையும் போயிடுமேன்னு..."

"சரிக்கா. ஆனா இது என் காதுக்குச் சொன்னது. பாட்டுக்கு இல்ல. பாடினாத்தான் அடி. நீங்களே எத்தனை பேரை இதைச் சொல்லி உட்கார வச்சிருக்கீங்க?"

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தப்பானவனிடம் கோபப்பட்டால் ஆறிவிடும். சரியாகப் பேசுகிறவனிடம் கோபப்பட்டால் அது வீடு வரைக்கும் கூடவே வரும். அன்று அவள் போட்ட தேநீரை அவளே இரண்டு தடவை கீழே கொட்டினாள். தங்கை இடது கையால் துடைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். உருளைக்காரி மறுபடியும் பாடினாள். "வாய் தொறந்தது யார், சின்னவளே" என்று அவள் முடித்த நொடியில் காரம் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது. பக்கத்து எந்திரங்களையும் பெண்கள் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியானதே இல்லை.

கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் ஓடி வந்தார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் அவருக்கு.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான். நின்னு கேளுங்க. ரெண்டு வருஷமா உங்களுக்குச் சேர வேண்டிய பாட்டு."

காரம் பாடினாள்.

"மூணு போல்ட்டு கழட்டி மூடியை எடுத்தவன், சின்னவளே
முன்னால நிக்கிறான் முழுக்கைச் சட்டையோட, சின்னவளே"

உருளைக்காரி தன்னையறியாமல் ஓரடி பின்னால் போய், திறந்து கிடந்த வாயைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் முகம் கறுத்தது. ஆனாலும் சிரித்தார். "மூணா? அந்த மூடிக்கு எத்தனை போல்ட்டுன்னு தெரியுமா உனக்கு? கடைசியைக் கழட்டி மூடியைத் தூக்கினது யாருன்னு உன் தங்கச்சியைப் போய்க் கேளு. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. அப்புறம் வந்து பாடு."

காரம் ஸ்டோர் அறைக்கு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவு சுவரில் மோதித் திரும்பியது. தங்கை சீட்டுக் கட்டும் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பாட்டு அவளுக்கும் கேட்டிருந்தது.

"மூணைத்தான் நீ பாத்தே," என்றாள் தங்கை. "அதுக்குள்ள அவருக்குப் போன் வந்துச்சு. ஸ்பேனரை என் கையில குடுத்து, மிச்சத்தை நீ கழட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கழட்டினேன். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து, நீதானே கழட்டினே-ன்னு கேட்டு இடது கையால கையெழுத்து வாங்கிட்டார்."

"ஏன்டீ என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் அந்தக் கூட்டத்துக்கு வந்தேன். நீ அந்த இடத்துல ம்ம்-னு முழுங்கினே. உனக்கும் தெரிஞ்சு போச்சு, என் தப்பை மறைக்கத்தான் நீ முழுங்கறே-ன்னு நினைச்சேன். ஊரே அதைப் பாடிச்சு. ஒவ்வொருத்தரும் ம்ம்-னு இழுக்கும்போது, அங்க நிக்கிறது நான்தான்னு இருக்கும்."

இரண்டு வருஷம் ஒரே சமையலறையில் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரத்தின் பயத்தை இவள் தன்னுடைய குற்றம் என்று நினைத்துச் சுமந்திருக்கிறாள். சூப்பர்வைசர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதியைக் காரம் தன் மேலேயே எடுத்துக்கொண்டாள். மீதியே ஒரு கூடத்தைக் கொளுத்தப் போதும்.

"உன் தப்பு இல்லடீ," என்றாள். "கையில ஸ்பேனரைக் குடுத்துட்டு, அப்புறம் அந்தக் கையையே குத்தம் சொன்னவன் தப்பு."

"அப்ப அதைப் பாட்டுல சேர்க்கணும்," என்றாள் தங்கை. "நீ பாட வேண்டாம். அது என் அடி."

அவள் அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். அங்கே, தூசி படிந்து, அந்த இரும்பு மூடி சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சீட்டுக் கட்டியிருக்கிறாள். ஒரு முனையை அவள் இடது கையால் பிடித்தாள். மறுமுனையைக் காரம் பிடித்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து போல்ட்டுகள் இருந்த சின்னப் பையையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார்கள்.

கூடத்தில் சூப்பர்வைசர் எந்திரத்தைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். யாரும் போடவில்லை. தங்கை உருளைக்கு முன்னால் வந்து நின்றாள். பாடிப் பழகாத குரல், மெட்டு கொஞ்சம் தப்பிற்று.

"அக்கா பாட்டு இது," என்று முறைப்படி சொன்னாள். "இருக்கிறதை மாத்தல. இல்லாததைச் சேர்க்கிறேன்."

"நாலாம் போல்ட்டை நான் கழட்டினேன், பெரியவளே
ஸ்பேனரைத் தந்த கை யார் கை, பெரியவளே"

அவள் முனகவில்லை. பதிலுக்காக அப்படியே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். முப்பது பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் கை தானாகப் பின்னால் போயிற்று.

காரம் அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, உள்ளங்கையில் ஸ்பேனரை வைத்தாள்.

"இந்தத் தடவை நாலையும் நீங்களே முடுக்குங்க சார். போன் வந்தா நாங்க எடுத்துக்கறோம்."

அவர் கண்ணாடி அறையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு குனிந்தார். தங்கை பையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக இடது கையால் எடுத்துக் கொடுத்தாள். உருளைக்காரி சத்தமாக எண்ணினாள், நாலு வரைக்கும்.