பீட்டா கேசட்டில் அப்பா

வீடியோ டெக்கைப் பற்றி என்னிடம் வாதாடி ஜெயித்தவன் மதுரையில் கிடையாது. எண்பதுகளில் செல்லூரில் டெக் வாடகைக்கு விட்டவன் நான். பீட்டா கேசட் சின்னது, படம் பளிச்சென்று இருக்கும். வி.ஹெச்.எஸ். பெரியது, படம் ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் ஒரே கேசட்டில் முழு சினிமாவும் அடங்கும். அதற்காகவே ஊர் வி.ஹெச்.எஸ். பக்கம் சாய்ந்தது. நான் சாயவில்லை. தங்கச்சி கல்யாணத்தை பீட்டாவில்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சில வருடங்களில் அப்பா போய்விட்டார். என் பீட்டா டெக்கும் ஹெட் தேய்ந்து படுத்துவிட்டது, ஸ்பேர் கிடைக்கவில்லை. அப்போது பார்த்து அம்மா கேட்டாள்.

"உங்கப்பா நடமாடுறத ஒரு தடவை காட்டுடா. போட்டோவுல முறைச்சுக்கிட்டே நிக்கிறாரு."

எதிர்க்கடை நண்பன் யோசனை சொன்னான். "மாப்ள, வி.ஹெச்.எஸ். டெக்கு வாய் பெருசுதான. சொருகிப் பாரு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உள்ள போகும், ஓடாது. டேப் சுத்துற பாதையே வேற. சிக்கி அறுந்தா எங்கப்பாவ நீயா ஒட்டித் தருவ?"

விசாரித்து விசாரித்து, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பேராசிரியர் வீட்டில் ஓடுகிற பீட்டா டெக்கைக் கண்டுபிடித்தேன். அம்மா கேசட்டை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள்.

அப்படியொரு தெளிவு. தங்கச்சி அட்டிகையின் கல்லைக்கூட எண்ணலாம். பேராசிரியரிடம் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு மணி நேரம் ஓடியும் அப்பாவைக் காணோம். தாலி கட்டும்போது அட்சதை போடுகிற கூட்டம் அவரை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவன் மேடையில் நிற்கமாட்டான், பந்தியில்தான் கிடப்பான். முன்பு இதே கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரை யார் கேசட்டில் தேடுவது?

கடைசியில் பந்தி வந்தது. பாயச வாளியோடு அப்பா, முதுகைக் காட்டிக்கொண்டு.

"அண்ணே, இங்கிட்டு கொஞ்சம் திரும்புங்க" என்றது வீடியோக்காரர் குரல்.

"இருப்பா, இந்த வரிசை முடியட்டும்" என்றார் அப்பா. திரும்பவில்லை. படம் மறுபடி மேடைக்குத் தாவிவிட்டது.

மூன்று தடவை பின்னால் ஓட்டிப் போட்டேன். பீட்டா பீட்டா என்று குதித்தவனுக்கு, அப்பாவை ஒரு நிமிடம் நிறுத்தி எடுக்கச் சொல்லத் தெரியவில்லையே. நாலாவது தடவை பொத்தானில் கை வைத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடா. வேலையா இருக்காரு."