ஆடிக் கூழும் என் கல்யாணமும்

ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துப் படியுங்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மர்பி டவுனில் எங்கள் தெருவில் கொஞ்சம் பேர் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். கோயில் வரி கொடு, திருவிழாவுக்கு வா என்று மற்றவர்கள் நெருக்கியபோது, எங்கள் வழி எங்களுக்கு என்று சொல்லி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சர்க்காரிடம் தனியாக ஒரு கூடம் வாங்கினார்கள். முன்னால் நின்றவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அந்தக் கூடத்தில்தான் என் கல்யாணம் என்று பேசியிருந்தது. எனக்கு அதில் அவ்வளவு ஆசை. வெளியில் சொல்ல வெட்கம்.

ஆடி வந்தது. அம்மா எப்போதும்போல வாசலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேண்டிக்கொண்டது. பௌர்ணமிக்குக் கூடத்தில் விளக்கேற்றுகிறவளும் அவள்தான். அவளுக்கு இரண்டும் இடித்துக்கொள்ளவில்லை. கூடத்தை நடத்திய சங்கத்துக்குத்தான் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பெரியப்பா சொல்லிவிட்டார்: "கூழ் ஊத்துறவங்க வூட்டுக் கல்யாணம் இங்க கெடையாது. ரெண்டு பக்கமும் போனா, அப்புறம் உங்களுக்கு எதுக்குத் தனி எடம்னு சர்க்கார்ல கேக்கமாட்டானா?"

அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "மாமா, வரி கேட்டு வந்தவங்ககிட்ட இன்னா சொன்னீங்க? எம் மனசு, எவனும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னீங்கல்ல? உங்களுக்கு மட்டுந்தான் மனசா? எனக்கு உள்ள மண்சட்டியா இருக்குது?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றார் பெரியப்பா. "நாளைக்குப் பானையைத் தூக்கிக்கினு உள்ளயே வந்துடுவா!"

"வரமாட்டேன். கூடத்துல உங்க சட்டம். எங்க வாசல்ல என் சட்டம். போதுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, கூழு உள்ள வரக்கூடாது. வாசல் அவங்கவங்க பாடு," என்றார். யாரும் மறுக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மாவிடம் மெதுவாக, "யம்மா, கூழுக்குத் தொட்டுக்க வெச்ச அந்தக் கருவாட்டுக் கொழம்பு மிச்சம் இருக்குதா? கூழு வேணாம். கொழம்புல சாமி கெடையாது," என்றார்.

கல்யாணம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. அம்மாவின் இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. கூழுக்குத்தானே தடை! பெரியப்பா பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அது ஆவணியா, ஐப்பசியா? கூடத்துக்கு அப்போது தகரமா, ஓடா? மர்பி டவுன் பழைய ஆட்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுங்கள். வேப்பிலை மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.