காலி சீட்டின் பெல்ட்

மட்டாஞ்சேரியில் ஸ்கூல் வேன் ஓட்டும் அன்ஸியாவிடம் விமானம் ஓட்டும் லைசன்ஸும் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். பொழுதுபோக்குக்கு மட்டும், காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. "சேச்சி, தோப்பும்படி பாலத்துல ப்ளாக்குன்னா பறந்து போயிரலாமா?" என்று வேன் பிள்ளைகள் கிண்டலடிக்கும். அவளும் சிரிப்பாள். முன்சீட்டுப் பிள்ளை பெல்ட் போடவில்லை என்றால் மட்டும் சிரிப்பு பட்டென்று நின்றுவிடும்.

பாலக்காட்டைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில்தான் கற்றாள். போன வருஷம் ஒரு ஞாயிறு தம்பி ரயீஸும் கூட வந்தான். அன்றைக்குத்தான் பயிற்சியாளர் கேசவ் கை வைக்காமல், முதல்முறையாக அவளே விமானத்தைத் தரையிறக்கினாள். திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் அதே பேச்சு. "வேன் கிளட்சு மாதிரி அதையும் போட்டு மிதிச்சியா இத்தா?" என்று ரயீஸ் சீண்டினான். பின்சீட்டுப் பழம்பொரிப் பொட்டலத்தை எடுக்க பெல்ட்டைக் கழற்றினான். எடுத்தான், தின்றான், திரும்பப் போடவில்லை. அன்ஸியா அதைப் பார்த்தாள். தரை மேலேறி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் இருந்தது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அங்கமாலிக்கு முன்னால் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றது.

அவளுக்குத் தோளில் பெல்ட் பதிந்த தடம் மட்டும். ரயீஸ் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து மறுபடி பயிற்சிக்குப் போனாள். உம்மா ஜொஹரா பீவி தடுக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கேசவ் பக்கத்தில் இருந்தவரை பயமில்லை. தனியாகப் பறக்க வேண்டிய நாளில் அவர் இறங்கிக்கொண்டு, "ஆளில்லன்னாலும் அந்த பெல்ட்ட மாட்டி இறுக்கிரும்மா. அவுந்து கெடந்தா ஓட்டுற ஸ்டிக்குல சுத்திக்கும்" என்றார். எடுத்தாள். மாட்ட முடியவில்லை. எஞ்சினை அணைத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. தனியாகப் பறக்காமல் லைசன்ஸ் கிடையாது. காரணம் கேட்டதற்கு, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டாள். மூன்றாம் தடவையும் இறங்கினால் இனி வர வேண்டாம் என்று கேசவ் சொல்லிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு. காலி சீட்டில் பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் அதிர்வில் அதன் இரும்பு நாக்கு டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. பாட்டுப் போட்டால் ரயீஸ் டாஷ்போர்டில் அப்படித்தான் தட்டுவான்.

"பெல்ட்டு இடுடா ரயீஸே."

சொல்லிவிட்டாள். மாட்டினாள். ஒரு ஆளுக்கு இடமே இல்லாதபடி, சீட்டோடு ஒட்டும்வரை இழுத்து இறுக்கினாள். தட்டல் நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு ஆள் எடை குறைந்தால் விமானம் சட்டென்று எழும் என்று கேசவ் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் அது எழுந்த வேகத்தில் அவள் திடுக்கிட்டு வலப்பக்கக் காலி சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வட்டமடித்தாள். ஓடுதளம் கண்ணாடிக்குள் மேலேறி வந்தது. அன்றைக்குக் காரில் விட்ட இடத்திலிருந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். தரை இவ்வளவு கிட்டே வந்ததும் மூக்கை லேசாகத் தூக்க வேண்டும், பொறுத்திருக்க வேண்டும், அதுவாக உட்காரும். சக்கரம் தொட்டபோது சொல்லி முடித்திருந்தாள்.

கேசவ் ஓடிவந்து கைகொடுத்தார். மறுபக்கக் கதவைத் திறந்து அந்த பெல்ட்டைக் கழற்றப் போனார்.

"அது கெடக்கட்டும் சாரே" என்றாள் அன்ஸியா.